பாவிக்காத மின்கலமும் பழுதாகும்

எமது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாழும் மூதாட்டியார் ஒருவர் கடந்த மாரிகாலத்தை வேறொரு நகரிலுள்ள மகள் வீட்டில் கழித்தார். புறப்படுமுன் தமது மின்சக்கர நாற்காலியைத் துடைத்து, துணியால் மூடி, நிலவறையில் பத்திரமாக வைத்துவிட்டே சென்றார். ஐந்து மாதங்களின் பின் திரும்பி வந்தபோது நாற்காலி அசைய மறுத்தது. இரவு முழுவதும் மின்னேற்றியில் இணைத்தும் பயனில்லை. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் எவர் துணையுமின்றிச் சென்றுவந்தவர், புதிய மின்கலங்கள் வந்துசேரும்வரை மூன்று வாரங்கள் வீட்டினுள்ளே முடங்கினார்.

“நான் ஒரு நாளும் அதைப் பாவிக்கவில்லையே தம்பி, பிறகெப்படிப் பழுதாகும்?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

அக்கேள்வியில் நம்மவர் பலரது அனுபவம் ஒலிக்கின்றது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோய், பொருளாதாரத் தடையினால் ரோர்ச் பற்றரிகளும் அரும்பொருளான நாட்களில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். கிடைத்த ஒரு சோடி பற்றரியைக் கண்போற் காத்தோம். தொடாமல் வைத்தால் நிலைக்கும் என்பது அக்காலம் எமக்குப் புகட்டிய பாடம். உலர்மின்கலத்துக்கு அப்பாடம் பெரிதும் பொருந்தும். ஈய-அமில மின்கலத்துக்கோ பொருந்தாது.

1859 இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய மின்கலத்தின் வழிவந்ததே இது. இன்றைய மூடிய வகையில் அமிலம் திரவமாகத் தளும்புவதில்லை. களியாகவோ, கண்ணாடியிழைப் பாயில் ஊறியோ இருக்கும். மின்சக்கர நாற்காலி, அவசரகால விளக்கு, திருடர் எச்சரிக்கை மணி, கணினிக்குத் தடையின்றி மின்வழங்கும் பெட்டி ஆகியவற்றில் இவ்வகை மின்கலங்கள் பெருமளவில் உள்ளன.

மின்கலம் மின்னை இழக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேற்று படிகின்றது. உடனே மின்னேற்றினால் அது மீண்டும் ஈயமாகவும் ஈய ஒட்சைட்டாகவும் மாறும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, சிறு பளிங்குகள் பெருத்து இறுகித் தகட்டை மூடிவிடும். அதன்பின் எந்த மின்னேற்றியாலும் அதை முழுமையாக மீட்கவியலாது.

பாவிக்காமல் வைத்தாலும் மின்கலம் தானாகவே மின்னை இழந்துகொண்டிருக்கும். 20 பாகை செல்சியசில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 வீதம் குறையும். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் இவ்விழப்பு ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே, குளிர்ந்த அறையில் வைத்ததை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், 30 பாகை வெப்பத்தில் வைத்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மின்னேற்றுதல் வேண்டும்.

மூதாட்டியார் நிலவறையின் குளிரையே நொந்துகொண்டார். உண்மையிற் குளிர் இவ்விழப்பைத் தாமதப்படுத்தும் நண்பன். நாள் முழுவதும் ஓடிக் களைத்த நாற்காலியை மின்னேற்றாமலே மூடிவைத்ததுதான் தவறு. எனினும் ஓர் எச்சரிக்கை: முழுமையாக மின்னேற்றிய மின்கலம் கடுங்குளிரையும் தாங்கும், வெறுமையானதில் அமிலம் நீர்த்துப்போவதால், பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து உறை வெடிக்கக்கூடும்.

எனவே செய்யவேண்டியவை இவை. வைக்குமுன் முழுமையாக மின்னேற்றுங்கள். கருவியிலிருந்து இணைப்பைக் கழற்றுங்கள். நிறுத்திவைத்த கருவியும் சிறிதளவு மின்னை உறிஞ்சும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். சீமெந்துத் தரை மின்னை உறிஞ்சும் என்பது பழங்கதை; இன்றைய பிளாஸ்ரிக் உறைகளுக்கு அது பொருந்தாது. வோல்ற்றுமானி இருப்பின், மின்னேற்றிய மறுநாள் அளந்துபாருங்கள். 12 வோல்ற்று மின்கலம் 12.7 க்கு மேல் காட்டினால் நலம். வைத்திருக்கும் காலத்தில் 12.4 ஆகக் குறைந்தால் தாமதியாது மின்னேற்றுங்கள். 12 க்குக் கீழே சென்றால் சேதம் தொடங்கியிருக்கும். அவ்வகை மின்கலத்துக்கென விதிக்கப்பட்ட மின்னேற்றியையே காற்றோட்டமுள்ள இடத்தில் பாவியுங்கள்.

புதிதாக வாங்குவோர் விலையை மட்டும் பாராது, உற்பத்தித் திகதியையும் கேட்டறிதல் நன்று. கடைத் தட்டில் ஓராண்டுக்கு மேல் மின்னேற்றாது கிடந்தது மலிவாகக் கிடைப்பினும் நட்டமே. நன்கு பேணினாலும் சாதாரண வகையின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. ஆயுள் முடிந்ததைக் குப்பைத்தொட்டியில் இடாதீர்கள்; ஈயம் நஞ்சு. விற்ற கடையிலோ நகரசபையின் சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படையுங்கள்.

மூதாட்டியார் இவ்வாண்டும் மகள் வீடு செல்லவிருக்கின்றார். நிலவறைத் திறப்பு இம்முறை மேல்மாடி மாணவன் ஒருவனிடம் இருக்கும். மின்னேற்றவேண்டிய நாட்களை அவர் தமது நாட்காட்டியில் வட்டமிட்டு, அத்தாள்களைக் கிழித்து இப்போதே அவனிடம் கொடுத்துவிட்டார்.