கிளாரினெட்டுக்குள் ஒரு முள்மரம்

கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டில் ம்பிங்கோ மரத்தைப் பார்க்கிறவர்கள் அதை விலையுயர்ந்த மரம் என்று நம்பமாட்டார்கள். சாம்பல் நிறப் பட்டை, கோணல்மாணலான தண்டு, அடியிலேயே இரண்டு மூன்றாகப் பிரியும் கிளைகள், எங்கும் முள். உயரமும் பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டர்தான். மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். ஆனால் வியன்னாவிலும் லண்டனிலும் பெரிய இசைக்குழுக்களில் ஒலிக்கும் கிளாரினெட், ஓபோ போன்ற கருவிகளும், ஸ்காட்லாந்துக்காரர்கள் தோளில் சாய்த்து ஊதும் பேக்பைப்பின் குழல்களும் பெரும்பாலும் இந்த முள்மரத்தின் வயிற்றிலிருந்து வந்தவையே.

தாவரவியலில் இதன் பெயர் டால்பெர்ஜியா மெலனோசைலான். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுவும் இதே பேரினம்தான். எபனி எனப்படும் கருங்காலியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் நிறம் மட்டுமே ஒற்றுமை, குடும்பம் வேறு. செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ம்பிங்கோ வளர்கிறது. இருந்தாலும் கருவி செய்யத் தகுந்த கட்டை கிடைப்பது முக்கியமாகத் தான்சானியாவின் தெற்குப் பகுதியிலும் மொசாம்பிக்கின் வடக்குப் பகுதியிலும்தான். தான்சானியாவுக்கு இதுவே தேசிய மரம்.

வெட்டிய கட்டையின் முகப்பைப் பார்த்தால்தான் இந்த மரத்தின் அருமை புரியும். பட்டைக்கு உள்ளே விரல் கனம்கூட இல்லாத வெளிர் மஞ்சள் வளையம் ஒன்று, அதாவது இன்னும் வைரம் பாயாத வெள்ளைக் கட்டை. அதற்கு உள்ளே சட்டென்று எல்லைக்கோடு போட்டதுபோல் நிறம் மாறி, ஊதா கலந்த கருப்பாக வைரம். இழை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்கு நெருக்கம். தேக்கின் ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ எடையிருக்கும். ம்பிங்கோ 1,200 கிலோவைத் தாண்டும். தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போய்விடும். சாதாரண ரம்பத்தின் பல் சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால் மரவாடிகளில் பல்லுக்குக் கடின உலோக நுனி வைத்த ரம்பங்களைப் பயன்படுத்துகிறார்கள். அறுக்கும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.

அதே முகப்பில் இன்னொன்றும் கண்ணில் படும். நடுவில் ஓட்டை, அல்லது மையத்திலிருந்து கிளம்பி விளிம்பை நோக்கி ஓடும் விரிசல். ஓரம் வட்டமாக இல்லாமல் பள்ளமும் மேடுமாக உள்வாங்கியிருக்கும். கருவி செய்கிறவருக்கு வேண்டியதோ கீறல் இல்லாத, முடிச்சில்லாத, வெள்ளை கலக்காத, நேரான இழையுள்ள சதுரக் கட்டை. இப்படிக் கழித்துக்கொண்டே போனால், காட்டில் வெட்டிய மரத்தின் கன அளவில் பத்தில் ஒரு பங்குகூடக் கருவிக் கட்டையாகத் தேறுவதில்லை. தேறியதையும் உடனே கடைய முடியாது. இரு முனைகளிலும் மெழுகு பூசி, ஈரம் மெல்ல மெல்ல வெளியேறும்படி ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு இந்த மரத்தையே ஏன் தேட வேண்டும்? இந்த மரத்தின் அதிர்வில்தான் அந்த இனிய நாதம் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. வீணையிலும் வயலினிலும் மரப்பலகைதான் அதிர்ந்து ஒலியைப் பரப்புகிறது. கிளாரினெட்டில் அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்று. ரீட் எனப்படும் நாணல் தகடு அந்தக் காற்றை உசுப்பிவிடுகிறது, துளைகளைத் திறந்து மூடுவதால் காற்றுத் தம்பத்தின் நீளம் மாறுகிறது, சுரம் மாறுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், குழலின் சுவர் அதிர்வதால் ஒலியின் குணம் குறிப்பிடும்படி மாறுவதில்லை என்று காட்டினார். 1971-இல் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல் செய்து, எது எது என்று தெரியாதபடி வாசிக்கச் செய்தார். கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை.

அப்படியானால் ம்பிங்கோவின் பெருமை பொய்யா என்றால், இல்லை. காற்றுக்கு ஒரு வடிவம் கொடுத்து, அந்த வடிவத்தை மாறாமல் காப்பதுதான் குழலின் வேலை. கிளாரினெட்டின் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். அதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் சுருதி நகரும். வாசிப்பவரின் மூச்சோ வெதுவெதுப்பாக, ஈரமாக மணிக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. லேசான மரம் இந்த ஈரத்தைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். எண்ணெய்ப் பசையும் நெருக்கமான இழையும் கொண்ட ம்பிங்கோ அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. உட்சுவரைக் கண்ணாடி போல மெருகேற்றலாம். சுரத்துளையின் விளிம்பை எப்படி வெட்டினோமோ அப்படியே கூர்மையாக நிற்கும், பிசிறடிக்காது. அந்த விளிம்பில்தான் காற்று உராய்ந்து வெளியேறுகிறது என்பதால் விளிம்பு மழுங்கினால் வாசிப்பவருக்கு உடனே தெரியும்.

திருகாணியைத் தாங்குவது இன்னொரு காரணம். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் கிளாரினெட்டை உருவாக்கியபோது அதில் சாவிகள் மிகக் குறைவு, மஞ்சள் நிறப் பாக்ஸ் மரமே போதுமானதாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சாவிகள் பெருகின. இன்றைய கிளாரினெட்டில் பொதுவாக 17 சாவிகளும் 6 வளையங்களும் இருக்கின்றன. அத்தனையையும் தாங்கும் உலோகத் தூண்களை நேரடியாக மரத்திலேயே திருகி நிறுத்த வேண்டும். மரையை உலோகம் போலப் பிடித்துக்கொள்ளும் மரம் தேவைப்பட்டபோது ஐரோப்பியப் பட்டறைகள் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பின. நம் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் நாதஸ்வரத்துக்கு, பழைய வீடுகளில் உத்திரமாக இருந்து நன்றாகக் காய்ந்த ஆச்சாக் கட்டையைத் தேடுவதும் திருகாணிக்காக அல்ல என்றாலும் இது போன்ற தேவையால்தான். கனமான, ஈரத்துக்கு அசையாத மரம் வேண்டும். அங்கே தயாராகும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி, இந்த மரம் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். கருவிக்கு ஆகும் பருமன் வர 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. தாத்தா காலத்து மரத்தைத்தான் பேரன் வெட்டுகிறான். இவ்வளவு தாமதத்துக்கு முதல் காரணம் தீ.

ம்பிங்கோ வளர்வது மியோம்போ என்னும் அடர்த்தியில்லாத காடுகளில். மழை முடிந்ததும் இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். வயலைத் திருத்தவும் வேட்டைக்கும் வைக்கும் நெருப்பு ஏறத்தாழ ஆண்டுதோறும் அந்தப் புல் வழியே காட்டுக்குள் ஓடும். ம்பிங்கோ நாற்றின் தண்டு அதில் கருகிவிடும். ஆனால் வேர் சாகாது. அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும், மறுபடி கருகும். ஒவ்வொரு முறையும் வேர் மட்டும் சற்றே தடித்து உணவைச் சேர்த்துக்கொள்கிறது. ஏதோ ஓராண்டில் தீ வராமல் போகும், அல்லது வேரின் பலத்தில் தளிர் தீயின் உயரத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகுதான் அது மரமாகிறது. வளர்ந்த மரம் சாதாரணத் தீயைத் தாங்கும். ஆனால் கோடையின் கடைசியில் வரும் கடும் தீ பட்டையைக் கிழித்துக் காயம் உண்டாக்கும், காயத்தின் வழியே பூசணம் நுழைந்து நடுவைத் தின்னும். கட்டையின் முகப்பில் பார்த்த அந்த ஓட்டைக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் மழை முடிந்த கையோடு, புல் பாதி பச்சையாக இருக்கும்போதே அளவாகத் தீ வைத்துவிடும் முறையைத் தென் தான்சானியக் கிராமங்களில் செயல்படுத்தி வருகிறார்கள். குளிர்ந்த தீ மெல்ல ஊர்ந்து போய்விடும், பின்னால் வரும் பெருந்தீக்குத் தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது. காட்டைக் காக்கத் தீயையே கையிலெடுக்கும் இந்த அறிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நட்டு வளர்ப்பதும் முடியாத காரியமல்ல. மெல்லிய காகிதம் போன்ற நெற்றில் ஒன்றிரண்டு விதைகள் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மண்ணும் போதும். ஆனால் வெயில் வேண்டும், நிழலில் எழும்பாது. களை எடுக்க வேண்டும். ஆடு மாடுகளுக்கு இதன் தழை பிடிக்கும் என்பதால் காவலும் வேண்டும்.

இந்த வேலையில் மறக்கக் கூடாத பெயர் செபாஸ்டியன் சுவா. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துத் தாவரவியலாளர். டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த, ம்பிங்கோ பற்றிய பிபிசி ஆவணப்படம் 1992-இல் வெளிவந்தது. அதைப் பார்த்த அமெரிக்கக் கடைசல் கலைஞர் ஜேம்ஸ் ஹாரிஸ் சுவாவைத் தேடித் தொடர்புகொண்டார். இருவரும் 1996-இல் ஆப்பிரிக்கக் கருமரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் பெண்கள் குழுக்களையும் கொண்டு நாற்றங்கால்கள் எழும்பின. ம்பிங்கோவோடு மற்ற மரங்களும் சேர்ந்து லட்சக்கணக்கில் நடப்பட்டன. சுவா 2014-இல் காலமானார். அவர் நட்ட மரங்களில் ஒன்றுகூட இன்னும் கருவிக்கு ஆகும் பருவத்தை எட்டியிருக்காது. தன் வாழ்நாளில் பயன் காணமுடியாத வேலை என்று தெரிந்தே செய்தவர்.

ஆனாலும் நாற்று நடுவது மட்டும் ம்பிங்கோவைக் காப்பாற்றாது என்பதே என் கருத்து. இன்று நட்டால் அடுத்த நூற்றாண்டில்தான் கட்டை. அதுவரை இசையுலகம் காட்டில் நிற்கும் மரங்களை நம்பித்தான் இருக்க வேண்டும். அவற்றைக் காவல் காப்பவர் அருகிலுள்ள கிராமத்தார். அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

நீண்ட காலம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம். உரிமம் வாங்கியவர் வெட்டிக்கொண்டு போவார், உரிமமில்லாதவரும் போவார். தான்சானியாவின் 2002 வனச் சட்டம் இதை மாற்ற வழி திறந்தது. கிராமம் தன் எல்லைக்குள் உள்ள காட்டைக் கிராமக் காப்புக்காடாக அறிவித்து, திட்டம் போட்டு வெட்டி, வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். 1990-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் ஆய்வுப் பயணமாகத் தொடங்கிய ஓர் அமைப்பு, இன்று ம்பிங்கோ பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி முன்முயற்சி என்ற பெயரில் கில்வா மாவட்டத்தில் கிராமங்களுக்கு இதில் துணைநிற்கிறது. எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணுவது, எதை வெட்டலாம் என்று குறிப்பது, ரோந்து போவது எல்லாம் ஊர்க்காரர்களே. 2009-இல் கிக்கோலே, கிசாங்கி ஆகிய கிராமங்களின் காடுகளுக்கு, பொறுப்பான வன நிர்வாகத்துக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்று கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மக்களே நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்கு அந்தச் சான்று கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்கு முன் ஒரு கட்டைக்குக் கிராமத்தாருக்குக் கிடைத்தது சுமார் 8 சென்ட். சான்றுக்குப் பின் 19 டாலர். ஒரு மரம் நின்றால் ஊருக்குப் பணம், களவு போனால் ஊருக்கு நஷ்டம் என்றான பிறகு காவலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

வெட்டிய மரத்தில் பெரும்பகுதி வீணாவதைக் குறைப்பதும் ஒரு வழி. பிரான்சின் பஃபே கிராம்போன் நிறுவனம் 1990-களிலிருந்தே ம்பிங்கோ தூளோடு கார்பன் இழையும் பசையும் சேர்த்து அழுத்தி, வெடிக்காத கிளாரினெட்டுகளைச் செய்கிறது. ஜப்பானின் யமஹா தான்சானியக் கிராமங்களோடு சேர்ந்து நடவில் இறங்கியிருக்கிறது. தான்சானியா, மொசாம்பிக் பகுதியின் மக்கோண்டே இனச் சிற்பிகளுக்கோ வளைந்த கட்டை ஒரு குறையே அல்ல. வளைவின் போக்கிலேயே ஒருவர் தோளில் ஒருவராக ஏறி நிற்கும் மனிதக் கூட்டத்தைச் செதுக்கிவிடுவார்கள்.

2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்ஸ் என்னும் சர்வதேச வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கருவியோடு நாடு கடக்கும் இசைக்கலைஞர்கள் கலங்கிப்போனார்கள். 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தரப்பட்டது. கட்டைக்கு இப்போதும் அனுமதி வேண்டும். இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். காவல் போட வேண்டிய இடம் காடும் துறைமுகமும்தான், கலைஞரின் பெட்டி அல்ல.

கிளாரினெட் நமக்கும் அந்நியக் கருவி அல்ல. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை மேடையில் அதற்கு ஓர் இடம் பிடித்துக்கொடுத்தார். கல்யாண பேண்டு செட்டிலும் அது ஒலிக்கிறது. பள்ளிக்காகவோ பிள்ளைக்காகவோ மரக் கிளாரினெட் வாங்கும் நிலை உங்களுக்கு வந்தால், கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது, எஃப்.எஸ்.சி. சான்று உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தொடக்கநிலை மாணவருக்குப் பிளாஸ்டிக் கிளாரினெட்டே போதும், அதை வாங்கித் தருவதில் எந்தக் குறையும் இல்லை.