பழைய பாட்டு, புதிய தட்டு!

ஒரே பாட்டை ஒரே ரசிகரிடம் மூன்று தடவை விற்க முடியுமா? பேஷாக முடியும் என்று காட்டியவை மேல்நாட்டு இசைத்தட்டுக் கம்பெனிகள். முதலில் ஆல்பம். சில வருஷம் கழித்து, 'பொறுக்கி எடுத்த பாட்டுகள்'. பிறகு, இருபதாம் ஆண்டு விசேஷ வெளியீடு! 1990-களில் கொடி கட்டிப் பறந்த 'ஆல்டர்நேட்டிவ் ராக்' கோஷ்டிகளின் கதை இது.

ஆனால், எல்லாமே காசு பறிக்கும் வித்தை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் கோஷ்டி 'பேர்ல் ஜாம்'. 1991-ல் வந்த 'டென்' அவர்களுடைய முதல் ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இருந்தும், பாடியவர்களுக்கே அதில் திருப்தி இல்லை. எதிரொலி அதிகம், கிணற்றுக்குள் நின்று பாடுவது போல ஒரு முழக்கம். 2004-ல் 33 பாட்டுகள் கொண்ட 'ரியர்வியூமிரர்' தொகுப்பு வந்தபோது, 'டென்' பாட்டுகளில் மூன்றை மட்டும் பிரெண்டன் ஓ'பிரையன் சீர்ப்படுத்திக் கொடுத்தார். குரலையும் வாத்தியங்களையும் வேறு அளவில் சேர்த்தார், அவ்வளவுதான். 2009-ல் ஆல்பம் முழுவதும் அப்படியே புதுப்பிக்கப்பட்டது. பழையதையும் கூடவே கொடுத்தார்கள். நாணயமான காரியம்!

'நிர்வாணா' கோஷ்டியின் சங்கதி வேறு. பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில், 27-வது வயதில் மாண்டார். அந்த ஜனவரியில் அவர் பதிவு செய்த பாட்டு ஒன்று, அவர் மனைவிக்கும் கூட்டாளிகளுக்கும் நடந்த வழக்கில் சிக்கிக் கிடந்தது. வழக்கு தீர்ந்த பின், 2002-ல் வந்த 14 பாட்டுத் தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். பழைய ரசிகர் ஒரே ஒரு புதுப் பாட்டுக்காக முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டியதாயிற்று!

இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' கோஷ்டிக்கு நேர்ந்ததோ இன்னும் வேடிக்கை. அவர்கள் விலகிப் போன இ.எம்.ஐ. கம்பெனி, அவர்கள் கை படாமலே 2008-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. பழைய பதிவுகளின் உரிமை கம்பெனியிடம் அல்லவா இருந்தது! பாடகர் தாம் யார்க் எரிச்சலை மறைக்கவில்லை. பாட்டுகள் நல்ல பாட்டுகள்தாம். ஆனால் மாலையைப் பிய்த்துப் பூவை மட்டும் கூடையில் போட்டது போலிருந்தது.

1997-ல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தை 2017-ல் கோஷ்டியே மறுபடி கொண்டு வந்தது. பன்னிரண்டு பாட்டுகளும் பழைய வரிசையிலேயே இருந்தன. கூடவே, அதுவரை வெளிவராத மூன்று பாட்டுகள். அதில் ஒன்று 'லிஃப்ட்'. 1996-ல் மேடையில் கேட்டவர்கள், அதைத் தட்டில் கேட்க 21 வருஷம் காத்திருந்தார்கள்.