பெரிய டயர் போட்டதும் ஜீப் ஏன் திணறுகிறது? பதில் கிரவுன்-பினியனில்!

‘என்னிடம் பழைய ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் அடியில் கல் தட்டியதால், வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டேன். இப்போது வாழைத்தார் ஏற்றினால் மேட்டில் இழுக்கவில்லை; கிளட்ச் கருகும் வாடை வருகிறது. இன்ஜினை மாற்ற வேண்டுமா?’

மலையடிவாரத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. சிறுமலை, தாண்டிக்குடி, போடி பக்கம் ஜீப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இன்ஜினை மாற்ற வேண்டாம். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் நகர்கிறது. அந்தக் கூடுதல் தூரத்துக்கான விலையை இழுவையில்தான் கொடுக்க வேண்டும். கிணற்று ராட்டினத்தில் சின்ன உருளைக்குப் பதில் பெரிய உருளையில் கயிற்றைச் சுற்றி இறைத்துப் பாருங்கள். வாளி சீக்கிரம் மேலே வரும், கை கடுத்துப் போகும். அதே கணக்குதான். பிரேக்குக்கும் இது பொருந்தும். பெரிய டயரை நிறுத்த அதிக பலம் வேண்டும். லோடோடு இறக்கத்தில் வரும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போன இழுவையைத் திருப்பிக் கொடுக்கும் இடம், ஆக்ஸில் நடுவில் இருக்கும் உருண்டைக்குள் உள்ள கிரவுன்-பினியன். பினியன் எத்தனை முறை சுற்றினால் கிரவுன் வீல் ஒரு முறை சுற்றுகிறது என்பதுதான் ‘ரேஷியோ’. எண் கூடினால் இழுவை கூடும். மேல் வேகம் குறையும்.

இதற்கு ஜீப்பின் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் ரேஷியோ 4.88. போர் முடிந்து 1945-ல் அதே நிறுவனம் விவசாயிகளையும் மனதில் வைத்துக் கொண்டுவந்த சி.ஜே-2ஏ ஜீப்பில் அதை 5.38 ஆக்கினார்கள். ஏர் இழுக்கிற வண்டிக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, உங்கள் வண்டிக்கு எந்த எண்? புது டயர் உயரத்தைப் பழைய டயர் உயரத்தால் வகுத்து, இப்போதைய ரேஷியோவால் பெருக்குங்கள். பழையது 28 அங்குலம், புதியது 31 அங்குலம், ரேஷியோ 4.88 என்றால், 31-ஐ 28-ஆல் வகுக்க 1.107; அதை 4.88-ஆல் பெருக்க 5.40. ஆக, 5.38 போட்டால் ஏறக்குறைய பழைய இழுவை வந்துவிடும். பழைய ஜீப்பில் ஸ்பீடோமீட்டருக்கான சுழற்சி ஆக்ஸிலுக்கு முன்பே எடுக்கப்படுவதால், அதுவும் சரியாகிவிடும். மாற்றாமல் ஓட்டினால் முள் 60 காட்டும்போது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே 5.38 உள்ள வண்டி என்றால் கணக்குப்படி 5.96 வேண்டும். அந்த ஜோடியைத் தேடி அலைவதைவிட டயரைச் சின்னதாக்குவதே மேல்.

இப்போதைய ரேஷியோவை ஹவுசிங்கைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும் என்பதால் கட்டை கட்டாயம். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இன்னொருவர் தள்ளி நின்று எண்ணட்டும். ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88; ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38.

ஃபோர் வீல் வண்டியில் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்து, ஏதாவது ஒன்று உடையும். ஆக, செலவு இரட்டிப்பு.

செலவைவிடப் பெரியது சட்டச் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதிலும் தகராறு வரும். வேலையாட்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் இந்த ஆபத்தை எடுக்கவே வேண்டாம். எதைத் தொடுவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கேள்வி கேட்ட வாசகர் பழைய அளவிலேயே ஆழமான பட்டன் உள்ள டயரைப் போட்டுக்கொண்டு, வண்டியையும் பழைய உயரத்துக்கு இறக்கிவிடலாம். கல் தட்டும் இடம் பாதையில் நாலைந்துதான் இருக்கும். அங்கே மண் கொட்டி மேடாக்குவது மலிவு. உயர்த்திய வண்டி சரிவில் சீக்கிரம் குடைசாயும் என்பதையும் மறக்கக் கூடாது.

அனுமதி பெற்று மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கிரவுனையும் பினியனையும் ஜோடியாக மட்டுமே வாங்குங்கள். ஒரு வண்டியின் கிரவுனுக்கு இன்னொரு வண்டியின் பினியன் சேராது. ஊளைச் சத்தம்தான் மிஞ்சும். பல்லில் மை தடவி, பிடிமானம் பார்த்து, சிம் வைத்து இடைவெளி சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் லோடு ஏற்றாமல் நிதானமாக ஓட்டி, பிறகு ஆக்ஸில் ஆயிலை வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்தில் புதிதாக ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் லேசான இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக வந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.