பழைய லேப்டாப் பழி சுமக்க வேண்டாம்

சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது காணிப்பாக்கம். முதலாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய வரசித்தி விநாயகர் கோயில் உள்ள ஊர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இருவருக்குள் வழக்கு வந்தால் கோயிலுக்கு வந்து சத்தியம் செய்வார்கள். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது என்பது நம்பிக்கை.

அந்த ஊரில் இருக்கும் என் மாமாவிடமிருந்து சென்ற மாதம் போன் வந்தது. குரலில் ஏதோ தயக்கம்.

"நீ கொடுத்த லேப்டாப்பில் நெட் வரலைப்பா. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்கு."

2012-இல் இங்கே அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப் அது. புதியது வாங்கியதும் பழையதைத் துடைத்து, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்து ஊருக்கு எடுத்துச் சென்றோம். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதானே வழக்கம்! மாமாவுக்குப் பார்வை குறைவு. செல்போன் எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பது அந்தத் திரையில்தான். நாங்கள் விடுமுறையில் வரும்போது திருமலைக்குப் போக 300 ரூபாய் தரிசன டிக்கெட்டையும் அதில்தான் பதிவு செய்வார். அந்த டிக்கெட்டுகளை மாதங்களுக்கு முன்பே இணையத்தில் வெளியிடுகிறார்கள். அன்று தவறவிட்டால் பிறகு கிடைப்பது கடினம்.

ரிப்பேர் கடையில், "வைஃபை கார்டு போய்விட்டது, பழைய மாடல், புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். பணத்தைவிட, தன்னால் கெட்டுவிட்டதே என்ற வருத்தம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சாட்சிகளை வரிசையாக விசாரிப்போம்

தீர்ப்புச் சொல்லும் முன் விசாரணை வேண்டாமா? முதல் கேள்வி: "மாமா, வீட்டில் மற்ற செல்போன்களில் வைஃபை வருகிறதா?" வருகிறது என்றார். அப்படியானால் வெளியிலிருந்து வரும் லைன் குற்றமற்றது. எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் ஒளியிழையில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். லேப்டாப்பைக் குடைந்து பயனில்லை, லைன் கொடுத்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "லேப்டாப்பில் வைஃபை பெயர்ப் பட்டியல் தெரிகிறதா?" "பக்கத்து வீட்டுக்காரர் பேரெல்லாம் வருது, நம்ம பேருதான் வரலை" என்றார். பட்டியலே வராவிட்டால் கார்டின் மீது சந்தேகப்படலாம். அல்லது பழைய லேப்டாப்புகளின் ஓரத்தில் உள்ள வைஃபை ஸ்விட்ச் அணைந்திருக்கலாம். அடுத்த வீட்டுப் பெயர் தெரிகிறது என்றால் கார்டு உயிரோடு இருக்கிறது. கடைக்காரர் தீர்ப்பு இத்துடன் தள்ளுபடி!

கேபிள் சொன்ன உண்மை

இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் இல்லாத ஒன்று பழையவற்றில் உண்டு. நெட்வொர்க் கேபிள் சொருகும் சதுரத் துளைதான் அது. புதுப் பெட்டியோடு வந்த சிறு கேபிளை எடுத்துப் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் இணைக்கச் சொன்னேன். இணைப்பு வந்துவிட்டது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வந்தது.

"திரையின் கீழ் மூலையில் தேதி என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். "2012, ஜனவரி 1" என்றார் மாமா.

இதுதான் முதல் கள்ளன். ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2012-இல் நிற்கும் இயந்திரத்துக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை, எப்படி நம்பும்? கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடுவதற்காக உள்ளே காசு வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் 'சி.ஆர். 2032' வகை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தேதியைச் சரிசெய்ததும் தளங்கள் திறந்தன. பேட்டரியை ரிப்பேர் கடையில் மாற்றச் சொன்னேன். விலை சொற்பம்தான்.

அமெரிக்க லேப்டாப்பின் காது

பெயர் ஏன் தெரியவில்லை? வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். பெட்டியில் 5 மட்டும் போட்டிருந்தால் அவற்றுக்குப் பெயரே தெரியாது. மாமா வீட்டில் இரண்டும் போட்டிருந்தது. அப்படியும் தெரியவில்லை.

இங்கேதான் நம் குடும்பங்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி வருகிறது. 2.4 அலைவரிசை பல சேனல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பொதுவாக 1 முதல் 11 வரைதான் பயன்படுத்துவார்கள். இந்தியாவில் 13 வரை உண்டு. அமெரிக்காவில் விற்ற லேப்டாப்புகள் பலவற்றுக்கு 12, 13 சேனல்கள் காதில் விழாது. புதிதாக வந்த பெட்டி தானாகவே 13-ஐத் தேர்ந்தெடுத்திருந்தது. பழைய பெட்டி வேறு சேனலில் இருந்ததால் இத்தனை நாள் தொல்லை இல்லை.

கேபிள் இணைப்பிலேயே பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அங்கே சேனலைத் 'தானியங்கி'யிலிருந்து 6-க்கு மாற்றினோம். 1, 6, 11 மூன்றில் எதுவும் சரியே. அரை நிமிடத்தில், "நம்ம பேரு வந்துடுச்சுப்பா!" என்று மாமா கூவிய சத்தத்தில் இங்கே என் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இன்னும் சில நோய்கள்

பெயர் தெரிந்தும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணையாவிட்டால் பூட்டின் வகையைப் பாருங்கள். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 பழைய கார்டுகள் பலவற்றுக்குப் புரியாது. பெட்டியில் '2-உம் 3-உம் கலந்தது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டே இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

இணைந்த பின்னும் நெட் இல்லை, லேப்டாப்பின் முகவரி எண் 169.254 என்று தொடங்குகிறது என்றால் பெட்டி அதற்கு எண் தரவில்லை என்று பொருள். பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். லேப்டாப்பில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

கார்டு உண்மையிலேயே போயிருந்தால்கூட யு.எஸ்.பி.யில் சொருகும் சிறிய வைஃபை அடாப்டர் போதும். அவசரத்துக்குச் செல்போனைக் கேபிளில் இணைத்தும் நெட் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. இவை ஓடும் இயந்திரத்தில் பேசலாம், படிக்கலாம். பாங்க் கணக்கு மட்டும் வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச அமைப்பை ஏற்றினால் பழைய லேப்டாப்பும் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

போகும்போது ஒரு காகிதம்

அடுத்த முறை ஊருக்குப் பழைய லேப்டாப் கொண்டுபோகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேதியைச் சரிபாருங்கள், பெட்டியின் சேனலை மாற்றுங்கள், ஒரு கேபிளையும் உடன் வையுங்கள். "முதலில் தேதி, பிறகு கேபிள், பிறகு சேனல்" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. ஆனால் மாமா அடுத்த ஞாயிறு முதலில் சொன்னது வேறு: "அப்போ நான் கெடுக்கலை, இல்லையா?"

இல்லை மாமா. நீங்களும் கெடுக்கவில்லை, லேப்டாப்பும் கெடவில்லை. அமெரிக்காவில் பிறந்த அதற்கு நம்மூர்ப் பேச்சு கொஞ்சம் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.