எண்ணெய் அமுக்கமும் தேய்ந்த எஞ்சினும்

பல இலட்சம் கிலோமீற்றர் ஓடிய லொறியொன்று பாரச் சுமையுடன் நெடுந்தூரம் வந்து சந்தை வாயிலில் நிற்கின்றது. எஞ்சின் நன்கு சூடேறியுள்ளது. சாரதி காலை எடுத்ததும் எஞ்சின் தன் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்குகின்றது. அவ்வேளையில் எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள் மெல்லச் சரிந்து பூச்சியத்தை நெருங்குகின்றது. வேகத்தைக் கூட்டியதும் முள் மீண்டும் எழுகின்றது. மறுநாட் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது, குறையெதுவும் தென்படுவதில்லை.

இந்நிலையில் சாரதிக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மூன்றாக இருக்கும். தடித்த ஒயிலை ஊற்றுமாறு ஒருவர் கூறுவார். வால்வின் சுருளிவில்லை இறுக்குமாறு இன்னொருவர் கூறுவார். பெரிய பம்பியொன்றைப் பூட்டுமாறு மூன்றாமவர் கூறுவார். இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு: முள்ளை உயர்த்துவதே இவற்றின் குறிக்கோள். முள் ஏன் தாழ்ந்தது என்ற வினாவுக்கு இவற்றில் எதுவும் விடை தேடுவதில்லை. அவ்வினாவை முதலில் எழுப்பி, அதன் பின்னர் பரிகாரத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அமுக்கம் எவ்வாறு தோன்றுகின்றது?

பம்பியே அமுக்கத்தை உண்டாக்குகின்றது என்பது பரவலான எண்ணம். உண்மையில் எஞ்சினிலுள்ள பற்சில்லுப் பம்பி செய்வது, ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த கனவளவு எண்ணெயைத் தள்ளிவிடுவதே. அவ்வெண்ணெய் ஒடுங்கிய வழிகளினூடாக வெளியேற முயலும்பொழுது எதிர்கொள்ளும் தடையே அமுக்கமாக வெளிப்படுகின்றது. நீர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் நீர் பீறிடுவதும், விரலை எடுத்ததும் தளர்ந்து வீழ்வதும் நாம் அறிந்ததே. இரு நிலைகளிலும் நீரைத் தள்ளும் பம்பி ஒன்றே. மாறுவது வாயின் ஒடுக்கமே.

எஞ்சினில் அவ்வொடுங்கிய வாய்களாக அமைவன, மெக்கானிக்குகள் பெயரிங் என வழங்கும் போதிகைகளும் அவற்றினுள் சுழலும் தண்டுக்குமிடையே உள்ள இடைவெளிகளாகும். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த டீசல் எஞ்சினில் வழக்கமாக ஏழு பிரதான போதிகைகளும், இணைகோல்களுக்கு ஆறு போதிகைகளும் உள்ளன. 75 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்கு இவ்விடைவெளி ஏறத்தாழ 0.075 மி.மீ., அதாவது மனிதத் தலைமயிரின் பருமனளவே.

இங்கே கவனிக்கவேண்டிய விதி ஒன்று உண்டு. இத்தகைய மெல்லிய இடைவெளியினூடாகக் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதமாகவும், எண்ணெயின் பிசுக்குமைக்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும். ஆகவே தேய்வினால் இடைவெளி இருமடங்கானால், அதே அமுக்கத்தில் கசிவு எட்டு மடங்காகும். குறைந்த வேகத்தில் பம்பி தள்ளும் எண்ணெயோ முன்னிருந்த அளவே. எனவே எல்லாப் போதிகைகளும் அவ்வாறு தேய்ந்திருப்பின் அமுக்கம் எட்டில் ஒரு பங்கை நோக்கி வீழ்கின்றது. தலைமயிரளவான தேய்வொன்று முள்ளை இவ்வளவு தூரம் சரியச் செய்வதன் காரணம் இதுவே.

2. சுமையைத் தாங்குவது எது?

பம்பியின் அமுக்கமே தண்டைத் தாங்கி நிற்கின்றது என்பதும் திருத்தப்பட வேண்டிய எண்ணமாகும். 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், புகையிரத அச்சுப் போதிகையை ஒத்த ஒன்றின் உராய்வை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் போதிகையின் உச்சியில் துளையிட்டபொழுது, அத்துளையினூடாக எண்ணெய் மேலெழுந்தது. மரமுளையால் அடைத்தபொழுது முளை வெளித்தள்ளப்பட்டது. அமுக்கமானியைப் பொருத்தியபொழுது, சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் என்ற மானியின் எல்லையையும் அது கடந்தது. போதிகைமீது இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் மட்டுமே. 1886இல் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் இதற்குரிய கணித விளக்கத்தை அளித்தார். சுழலும் தண்டு, தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று ஆப்பு வடிவில் ஒடுங்கும் இடைவெளியினுள் புகுத்துகின்றது. அங்கு எழும் உயர் அமுக்கமே சுமையைத் தாங்குகின்றது.

எனவே பம்பியின் பணி எண்ணெயை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. தாங்கும் பணியைத் தண்டின் சுழற்சி செய்கின்றது. இதனால் அமுக்கம் குறைந்தாலும் பாதகமில்லை என்று முடிவுசெய்தல் தவறாகும். எண்ணெய்ப் படலத்தின் தாங்குதிறன் இடைவெளியின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், இருமடங்கான இடைவெளியில் அது காற்பங்காகின்றது. தேய்வு மேலும் தேய்வை வளர்க்கின்றது. அதனோடு, வழங்கற் பாதையின் கடைக்கோடியிலுள்ள வால்வு நெம்புகளும், சில எஞ்சின்களில் உள்ள டர்போவின் போதிகைகளும் எண்ணெயின்றி வாடத் தொடங்குகின்றன.

3. காரணத்தைக் கண்டறியும் ஒழுங்கு

எளியதும் செலவு குறைந்ததுமான சோதனையிலிருந்து தொடங்குதல் நன்று.

முதலாவதாக, மானியையே ஐயுறவேண்டும். மின்னுணரியும் அதன் கம்பித் தொடர்பும் பழுதடைவது வழமை. உணரியைக் கழற்றி அவ்விடத்தில் நேரடி இயக்கமுள்ள அமுக்கமானியைப் பொருத்தி, எஞ்சின் சூடேறிய நிலையில் குறைந்த வேகத்திலும் ஓட்ட வேகத்திலும் அளக்கவேண்டும். நிமிடத்துக்கு ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது கராஜ்களில் வழங்கும் பொதுக் கணிப்பு. எனினும் தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் அளவே இறுதியானது.

இரண்டாவதாக, எண்ணெயை நோக்கவேண்டும். அளவுகோலில் மட்டம் குறைந்திருப்பின் காரணம் வெளிப்படை. மட்டம் கூடியிருந்து டீசல் மணமும் வீசினால், கசியும் இன்ஜெக்டரிலிருந்தோ எரிபொருட் பம்பியிலிருந்தோ டீசல் கலந்துள்ளது. பால்போல் வெளிறியிருந்தால் குளிர்நீர் கலந்துள்ளது. எரிபொருட் கலப்பு பிசுக்குமையை விரைந்து குறைக்கும். 1990களில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பழைய பெற்றோல் எஞ்சின்கள் சிறிது பெற்றோலில் தொடக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயில் எரியாது எஞ்சிய பகுதி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டியை அடையும். அத்தகைய எஞ்சினில் பம்பியையும் போதிகையையும் குறைகூறுமுன், எண்ணெயை மாற்றி அளத்தலே முறையாகும்.

மூன்றாவதாக, முள் எவ்வாறு சரிகின்றது என்பதை அவதானிக்கவேண்டும். குளிர்நிலையில் நன்றாக இருந்து, சூடேறியபின் குறைந்த வேகத்தில் மட்டும் வீழ்ந்தால், தேய்ந்த போதிகைகளோ தேய்ந்த பம்பியோ நீர்த்த எண்ணெயோ காரணமாகலாம். குறைந்த வேகத்தில் போதியதாக இருந்து, வேகம் கூடியும் உயராது நின்றால், அமுக்கத் தணிப்பு வால்வின் சுருளிவில் தளர்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட வீழ்ந்தால், பம்பியின் உறிஞ்சு வலையில் அடைப்பு இருத்தல் கூடும். திடீரென வீழ்ந்தால், ஏதோவொன்று உடைந்துள்ளது அல்லது தணிப்பு வால்வில் துணிக்கையொன்று சிக்கியுள்ளது.

நான்காவதாகவே எண்ணெய்த் தொட்டியைக் கழற்றவேண்டும். வலையைக் கழுவி, வால்வைச் சுத்தப்படுத்தி, பம்பியின் பற்சில்லுகளுக்கும் மூடிக்குமிடையேயுள்ள இடைவெளியைத் தகட்டு அளவியால் அளக்கலாம். பின்னர் போதிகை மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய நெகிழ் இழையொன்றைத் தண்டின்மீது வைத்து, மூடியை உரிய முறுக்கத்துக்கு இறுக்கி, நசுங்கிய இழையின் அகலத்தைக் கொண்டு இடைவெளியை அறியலாம். போதிகை ஓட்டின் சாம்பல்நிற மேற்பூச்சு அழிந்து செம்பு நிறம் தெரியுமாயின், அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

4. பரிகாரங்களின் பெறுமதி

இனி அம்மூன்று அறிவுரைகளையும் மதிப்பிடலாம்.

தடித்த ஒயில்: 100 பாகை செல்சியசில் எஸ்.ஏ.ஈ. 40 தர எண்ணெயின் பிசுக்குமை செக்கனுக்கு 12.5 முதல் 16.3 சதுர மி.மீ. வரையிலும், 50 தரத்தினது 16.3 முதல் 21.9 வரையிலும் அமையும். நடுப்பெறுமானங்களை ஒப்பிடின் உயர்வு மூன்றிலொரு பங்களவே. இடைவெளி இருமடங்கானதால் எட்டு மடங்கான கசிவை இவ்வுயர்வு ஈடுசெய்யாது. அன்றியும் காலைக் குளிரில், சிறப்பாக மலைநாட்டில், தடித்த எண்ணெய் மேலிடங்களைச் சென்றடையத் தாமதமாகும். கைந்நூல் இசையுமாயின், ஓரளவு தேய்ந்த எஞ்சினுக்குச் சில மாத அவகாசத்தை இது அளிக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது.

சுருளிவில்லை இறுக்குதல்: தணிப்பு வால்வு பொதுவாக 50 அல்லது 60 இறாத்தல் அமுக்கத்திலேயே திறக்கின்றது. சூடேறிய எஞ்சினில் முள் 8 இறாத்தலில் நிற்கும்பொழுது, வால்வு ஏற்கெனவே மூடியே உள்ளது. மூடிய கதவை மேலும் இறுக்குவதால் யாது பயன்? விளைவு ஒன்று உண்டு: காலையில் குளிர்ந்த எஞ்சினில் அமுக்கம் அளவுமீறி உயர்ந்து வடிகட்டியின் அடைப்புகளைச் சிதைக்கலாம். வால்வு அழுக்கினால் திறந்தபடி சிக்கியிருப்பினோ வில் உண்மையில் தளர்ந்திருப்பினோ, சுத்தஞ்செய்தலும் புதிய வில் இடுதலுமே முறையாகும்.

பெரிய பம்பி: பழைய பம்பியே தேய்ந்திருப்பின் அதனை மாற்றுவது சரியே. போதிகைகள் தேய்ந்திருக்கையில் பெரிய பம்பி முள்ளை உயர்த்தும். ஆனால் இடைவெளி அவ்வாறே இருப்பதால் படலத்தின் தாங்குதிறன் மீளாது.

உண்மையான பரிகாரம் இடைவெளியைக் குறைப்பதே. தண்டு வட்டம் குலையாதும் கீறலின்றியும் இருப்பின், எஞ்சினை வெளியே இறக்காமலே கீழிருந்து புதிய போதிகை ஓடுகளை மாற்றலாம். தண்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பின் புதிய ஓடு பயனற்றது. தண்டைக் கழற்றி அரைத்து, பொதுவாக 0.25 மி.மீ. குறைந்த விட்டத்துக்குரிய ஓடுகளை இடவேண்டும். இவ்விரண்டுக்குமிடையிலுள்ள செலவு வேறுபாடு பெரிது. எனவே காலத்தோடு அளப்பவர் முதலாவதுடன் தப்பலாம். முள்ளை மட்டும் உயர்த்திக் காலம் கடத்துபவர் இரண்டாவதற்கு வந்து சேர்வார்.

5. முடிவெடுப்பவர் யார்?

இதனை வெறும் இயந்திர வினாவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. முள் சரிவதை முதலில் காண்பவர் சாரதி. திருத்தச் செலவை ஒத்திவைப்பவர் பெரும்பாலும் உரிமையாளர். "இந்த ஒரு பயணம் போய் வா" என்ற சொல்லின் ஆபத்தை ஏற்பவர் சாரதியும் அவருக்கருகில் அமர்ந்திருக்கும் உதவியாளருமே. பார லொறியின் காற்றுத்தடைக்குக் காற்றைச் செறிப்பது எஞ்சினால் இயங்கும் அமுக்கி. பல லொறிகளில் அவ்வமுக்கிக்கும் அதே எஞ்சினெண்ணெயே செல்கின்றது. கடுகண்ணாவை இறக்கத்தில் எஞ்சின் இறுகி நின்றால், எஞ்சினின் தடுப்பும் திசைமாற்றியின் வலுவுதவியும் ஒருங்கே இல்லாமற்போகும். காற்றுத்தடைக்கு எஞ்சுவது கலத்தில் சேமித்த காற்று மட்டுமே. பின்னர் நிகழும் விசாரணையில் சாரதியின் கவனக்குறைவு என்று எழுதுவது எளிது.

ஆதலின் எளிய வழக்கமொன்றைக் கைக்கொள்ளல் தகும். மாதந்தோறும், எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், குறைந்த வேகத்திலும் ஓட்ட வேகத்திலும் காணப்படும் அமுக்கத்தை, திகதியுடனும் ஓடிய தூரத்துடனும் வாகனக் கொப்பியில் சாரதி தம் கையால் எழுதி வைக்கவேண்டும். ஓராண்டுப் பதிவில் 25 என்பது 20 ஆகி, பின் 14 ஆகி இறங்கும் போக்கு, எந்தச் சிவப்பு விளக்கும் எரிவதற்கு முன்னரே தேய்வைக் காட்டிவிடும். உரிமையாளரிடம் "சத்தம் சரியில்லை" என்று சொல்லும் சாரதியின் சொல் மறுக்கப்படலாம். பதிந்த எண்களை மறுப்பது அத்துணை எளிதன்று. முள் பூச்சியத்தைத் தொட்டு, அடியிலிருந்து தட்டும் ஓசையும் எழுமாயின், அளப்பதற்கும் விவாதிப்பதற்கும் இடமில்லை: பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும். அவ்வாறு நிறுத்தும் உரிமை சாரதிக்கு உண்டு என்பது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.