வீலின் மேல் அச்சிட்ட எண்

ஹைதராபாத்தின் குகட்பள்ளிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெலுங்கு பழகுவதற்கு முன்பே ஒரு சத்தம் பழகிவிடும். கே.பி.எச்.பி. காலனியில் ஏதாவது ஒரு மாடியில் கிரானைட் அறுத்துக்கொண்டிருப்பார்கள். அது ஓய்ந்தால் எதிர்வீட்டு பால்கனிக்குக் கம்பி வெட்டுவார்கள். சத்தம் போடுவது என்னவோ ஒரு கைக்குள் அடங்குகிற மெஷின்தான். நம் வீட்டில் கிரைண்டர் என்றால் இட்லி மாவு. பட்டறையில் கிரைண்டர் என்றால் இது: 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், கடைக்காரர் வாயில் ‘ஏஜி ஃபோர்’. இன்றைய வேகத்தில் சுழலும் வகையை 1954-இல் ஜெர்மனியின் ஆக்கர்மான்-ஷ்மிட் நிறுவனம் கொண்டுவந்தது. ‘ஃப்ளெக்ஸ்’ என்ற அதன் பெயராலேயே ஜெர்மானியர்கள் எல்லா ஆங்கிள் கிரைண்டரையும் அழைக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 முறை சுற்றுகிறது. அதில் மாட்டும் வட்டமான வெட்டு வீலின் விட்டம் 10 செ.மீ. என்றால் ஒரு சுற்றில் விளிம்பு 31 செ.மீ. ஓடுகிறது. அப்படியானால் நொடிக்கு 58 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.-க்கும் மேல். தலைக்கு மேலே மியாப்பூர் பக்கம் போகிற மெட்ரோ ரயில் ஒருநாளும் எட்டாத வேகம் அது. அந்த விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு கிராம் துண்டைப் பிய்ந்துபோகாமல் பிடித்துவைக்கக் கிட்டத்தட்ட ஆறே முக்கால் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பிடித்திருப்பது எது? அரைப்புத் துகள்களை ஒட்டவைத்த பிசினும், நடுவே ஓடும் கண்ணாடி இழை வலையும்தான். ஈரம் பட்டாலும் வருடம் கடந்தாலும் பிசின் தளர்ந்துவிடும். இதற்காகத்தான் தரமான வீல்களில் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதே இல்லை.

அதைவிட முக்கியமானது வீலின் முகத்தில் அச்சிட்டிருக்கும் எண். 4 அங்குல வீலில் சுமார் 15,000 சுற்று என்றிருக்கும். 7 அங்குல வீலில் 8,500 சொச்சம்தான். இரண்டையும் விளிம்பு வேகமாக மாற்றினால் ஒரே விடை: நொடிக்கு 80 மீட்டர். அந்தப் பிசினுக்கு அனுமதித்த பாதுகாப்பான எல்லை அது. ஆழமாக வெட்ட வேண்டும் என்று சின்ன மெஷினில் பெரிய வீலை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினுக்கு வீலின் அளவு தெரியாது, அது தன் 11,000-த்தைச் சுற்றும். 7 அங்குல வீலின் விளிம்பு நொடிக்கு 104 மீட்டரைத் தொடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை ஏறுவதால், வீல் தாங்கவேண்டியது எல்லையைப் போல் 1.7 மடங்கு. பெரிய வீல் உள்ளே புகாது என்பதால் பாதுகாப்புத் தகடான கார்டையும் முதலிலேயே கழற்றி எறிந்திருப்பார்கள். உடைகிற வாய்ப்பை ஏற்றிவிட்டு, உடைந்தால் தடுக்கும் தகட்டையும் எடுத்தாயிற்று.

இந்த எண்ணின் அருமை சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஒவ்வொரு சாணை இயந்திரத்தின் அருகிலும் அதன் பாதுகாப்பான விளிம்பு வேகத்தை எழுதித் தொங்கவிடச் சொன்னது. குகட்பள்ளியை ஒட்டிய பாலாநகரில், கருவி வடிவமைப்பையே பாடமாக நடத்தும் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968 முதல் இருக்கிறது. ஆனால் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்து வராண்டா தொழிற்சாலையும் இல்லை, பயிற்சிக்கூடமும் இல்லை. அங்கே அறிவிப்புப் பலகை என்றால் வீலின் மேல் ஒட்டிய அந்த வட்டக் காகிதம் மட்டுமே.

வீல் உடைவதைவிட அடிக்கடி நேர்வது மெஷின் திருப்பி அடிப்பது. வெட்டுவாயில் வீல் சிக்கி நின்றுவிட்டால், சுழற்சியின் வேகம் முழுவதும் மெஷினின் உடலுக்கு மாறி மெஷினே துள்ளும். இரண்டாவது கைப்பிடி பெட்டியிலேயே கிடப்பது அப்போதுதான் உறைக்கும். வீல் சுழலும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காமல் சற்று விலகி நிற்பதன் காரணமும் இதுவே. சில தச்சர்கள் இதில் பல் வைத்த மர பிளேடை மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மரம் வெட்டும் மெஷினுக்கு அடித்தட்டு உண்டு, அது பிளேடை நேராக ஓட்டும். கிரைண்டரில் அப்படி எதுவும் இல்லை, பல் கடித்த பக்கம் போகும். தளர்ந்த கையுறை, தொங்கும் துண்டு, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் அது சுருட்டிக்கொள்ளும்.

தூசி வேறு கதை. ஹைதராபாத்தே சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. கிரானைட்டில் குவார்ட்ஸ் நிறைய, குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகையைவிடத் தெரியாத துகள்களே நுரையீரலின் ஆழத்துக்குப் போகின்றன. அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. வாயில் கட்டிய கைக்குட்டைக்கு அந்தத் துகள்கள் அடங்காது. மூடியில் துளையிட்ட பாட்டிலால் ஒரு ஹெல்பர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பாரே, அந்த எளிய ஏற்பாடு உண்மையிலேயே நல்ல வைத்தியம். ஆனால் தண்ணீர் வந்துவிட்டால் மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் மெஷினுக்குக் கரண்ட் வரவேண்டும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. பல சின்ன கிரைண்டர்களில் தள்ளிவிட்டால் அப்படியே நிற்கிற சுவிட்ச்தான். வேலையின் நடுவில் கரண்ட் போகும், மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். கரண்ட் திரும்பும்போது பக்கத்தில் யாரும் இல்லாமலேயே 11,000 சுற்றும் ஆரம்பமாகி, மெஷின் தரையில் துள்ளி ஓடும். டீக்குப் போவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆளைப் பார்த்தால், அவரிடம் உங்கள் சமையலறை மேடையைத் தயங்காமல் ஒப்படைக்கலாம்.