பாய்த்தோணிக்குச் சொந்தக்காரி



கொட்டகலையில் கடல் இல்லை. ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் தேயிலை மலையும் பனிமூட்டமும்தான் உண்டு. "எனக்குச் சொந்தமாக ஒரு பாய்த்தோணி இருந்தது" என்று சொன்னால் கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஆனால் பாய்மரம் மலையக மக்களுக்கும் அந்நியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் பாய்த்தோணிகளில் பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள்.

நான் இங்கே ஒரு லயத்தில் பிறந்தவள். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் பெற்றோர் எங்களை வன்னிக்குக் கூட்டிச் சென்றார்கள். கடற்கரைக் கிராமமொன்றில் வாழ்க்கைப்பட்டேன். என் கணவரிடம் 18 அடி நீளமான மரத்தோணி ஒன்று இருந்தது. 1990இன் பின் எரிபொருள் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமற் போனபோது, எங்கள் கரையில் இயந்திரம் வைத்திருந்தவர்களும் மீண்டும் பாய் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தோணி மட்டும் அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கிக் கிடந்தது.

"பொம்பிளைக்கு எதற்குத் தோணி? விற்றுவிடு" என்றார்கள். நான் விற்கவில்லை. கொழுந்தனாரும் அவருடைய கூட்டாளியும் தொழிலுக்குக் கொண்டுபோனார்கள். செலவு போக மிஞ்சிய காசை மூன்றாகப் பிரித்தோம். கடலுக்குப் போன இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. தோணிக்கும் வலைக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

வேலைகள் ஓய்வதில்லை

மரத்தோணி கைக்குழந்தையைப் போன்றது. ஒரு நாளும் பார்க்காமல் விட முடியாது. காலையில் முதல் வேலை உள்ளே ஊறிய நீரை இறைப்பது. மழை நீர் தேங்கினால் மரம் உக்கிவிடும். உப்பு நீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆகவே மழை பெய்தால் உள்ளே துடைத்துவிட்டுக் கடல் நீரால் கழுவுவேன்.

தோணியைக் கடலிலேயே விட்டுவைத்தால் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். மரத்தைத் துளைத்துத் தின்னும் புழுவும் ஏறும். அதனால் அடிக்கடி கரைக்கு இழுத்துச் சுரண்ட வேண்டும். வெயிலில் நெடுநாள் கிடந்தாலோ பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். அந்த இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். மறுபடி நீரில் இறக்கியதும் முதலில் சற்று ஒழுகும். பலகை நீரை உறிஞ்சிப் பருத்தவுடன் ஒழுக்கு நின்றுவிடும். சுறா எண்ணெய் பூசும் நாளில் அந்த நாற்றம் சோற்றிலும் மணக்கும்!

பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். காய வைப்பதும் கிழிசல் தைப்பதும் என் பொறுப்பு.

மகிழ்ச்சியும் உண்டு

சோளகக் காற்று சீராக வீசும் நாளில் கொழுந்தனார் பிள்ளைகளையும் என்னையும் ஏற்றிச் செல்வார். பாய் காற்றை வாங்கியதும் தோணி ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கும். இயந்திரச் சத்தம் இல்லை. அணியத்தில் நீர் பிளக்கும் ஓசை மட்டுமே. கடலை வெறுத்திருந்த நான் அதில்தான் மீண்டும் கடலோடு சமாதானமானேன்.

நம்மவர் கட்டிய மரக்கலத்தின் பெருமையை உலகமும் கண்டிருக்கிறது. 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன், பின்னர் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற 89 அடிக் கப்பலை விரும்பி வாங்கினார். தன் மனைவியின் பெயரையும் அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

2009 தொடக்கத்தில் தோணியைக் கரையில் விட்டுவிட்டு நடந்தோம். பின்னர் அது கிடைக்கவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்து, கொட்டகலையில் இருக்கும் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். பாய் தைத்துப் பழகிய கையால் இன்று பாடசாலைச் சீருடை தைக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் தோணி வைத்திருந்ததில் கற்ற மூன்று விடயங்களைத் தையல் இயந்திரம், ஆடு, தோணி எது வைத்திருப்பவருக்கும் சொல்வேன்.

ஒன்று, தினமும் ஒருமுறை பாருங்கள். சிறு ஒழுக்கை அன்றே அடைத்தால் செலவு சிறிது.

இரண்டு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பழுது பார்க்க ஒதுக்குங்கள். என் தகர டப்பாவில் இருந்த காசால்தான் புதுப் பாய் வாங்கினேன்.

மூன்று, பத்திரங்களை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மீன்பிடிப் படகுகளைக் கடற்றொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும். கணவர் போர்க்காலத்தில் காணாமற் போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவியும் வழியின்றி நிற்க வேண்டியதில்லை. அவர் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நானும் மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. இந்தச் சான்றிதழைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.